மாடி அறை ஊறல்

சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் சேர்த்தால் எத்தனால் கிடைக்கும், கூடவே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பத்தாம் வகுப்புக்குப் பத்தொன்பது வருடமாக நான் நடத்துகிற பாடம் இது. அம்புக்குறிக்கு வலப்பக்கம் இரண்டு பொருள்கள் உண்டு, ஒன்றை எழுதி இன்னொன்றை விட்டால் பாதி மதிப்பெண்தான் என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் வீட்டு மாடியில் பதினாறு பாட்டில்களில் அந்தச் சமன்பாட்டைச் செய்து பார்த்தபோது ஒரு பொருளை மட்டும்தான் பார்த்தேன். மற்றது கண்ணில் படவில்லை என்று சொல்வதா, பார்க்க மனமில்லை என்று சொல்வதா, எனக்கே தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் வெட்கம் குறையப் போவதில்லை.

என் பெயர் ஜொஹரா. காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவர் காஜா நஜ்முதீன் குவைத்தில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை, செடிகள் உண்டு. இதைக் கேட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகின்றன. மாடியில் தெருவைப் பார்த்த சின்ன அறையில் ஆந்தூரியம், பீஸ் லில்லி, மான்ஸ்டெரா என்று நாற்பது தொட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் நேர் வெயில் இல்லாமல் வீட்டுக்குள் வளர்கிற ஜாதி. பொங்கலை ஒட்டி ஊரில் நடக்கிற மலர்க் காட்சியில் இந்த மாதிரிச் செடிகளுக்கென்று தனிப் பரிசு உண்டு. போன வருடம் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய சொர்ணாம்பாள் பூவத்திலிருந்து வந்தவர். மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க டீச்சர்’ என்றார். நான் வைத்துக்கொண்டேன்.

செடி காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் தன் சாப்பாட்டைச் சமைக்கிறது. அதைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் இலை பெரிதாகும். வெளிநாட்டில் இதற்கென்று சிலிண்டர் வைத்திருக்கிறார்களாம். யூடியூபில் ஒருவர் ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக வழி சொன்னார். காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட், மூடியில் ஓட்டை, அதில் மீன் தொட்டிக்கு வைக்கிற டியூப். டியூபின் மறுமுனையைச் செடிக்கு மேலே கட்டிவிட்டால் போதும். அந்த வாயு காற்றைவிடக் கனம் என்பதால் தானாக இலை மேல் இறங்கும். நான் முதலில் நான்கு பாட்டில் வைத்தேன்.

ஐப்பசி அடைமழையில் குளிர் ஏறி ஈஸ்ட் சோம்பிப்போனது. ஈஸ்ட்டைக் கூட்டினேன். சர்க்கரை கட்டுப்படியாகவில்லை என்று மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்த உடைசல் வெல்லத்தைக் கரைத்தேன். வாயு வெளியே போய்விடாமல் ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஷீட் அடித்தேன். நான்கு பாட்டில் பதினாறு ஆயிற்று. மூன்றாவது வாரம் ஆந்தூரியத்தின் புது இலை பழைய இலையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் பெரிதாக வந்தது. ஸ்கேல் வைத்து அளந்து, வாரா வாரம் போட்டோ எடுத்து வைத்தேன். ஊரெல்லாம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொர்ணாம்பாள் காதுக்குப் போய்விடுமே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அஞ்சுகத்தைக்கூட அந்த அறைக்குள் விடவில்லை. அறையில் ஒரு புளித்த வாடை இருந்தது. தினமும் போய் வருகிறவள் மூக்குக்கு எல்லாம் பழகிவிடும்.

என் தம்பி அஃப்ரித் அப்போது என் வீட்டில்தான் இருந்தான். ஏன் இருந்தான் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மாவின் வீடு எனக்கு வந்தது. ஆண்பிள்ளை கல்யாணம் முடிந்ததும் பெண் வீட்டுக்குப் போய் அங்கேயே இருப்பான். அதனால் ஒருவனை மாமனார் வீட்டிலிருந்து வெளியே அனுப்பிவிட்டால், அவன் போய் நிற்க லாத்தா வீட்டு வாசலைத் தவிர வேறு வாசல் கிடையாது. லாத்தா என்றால் அக்கா.

அஃப்ரித் குடித்தான். அவனுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடுகிற இடத்தில் வேலை. திரும்பி வருகிற வழியெல்லாம் எல்லையோரத்துக் கடைகள். தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிற இடம் அது, தினமும் அதன் வழியாகவே வருகிறவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கடைசியில் அவனுடைய மாமனார் பீர் மைதீன் மாமா ஒரு நாள் அவனையும் அவன் துணிப்பையையும் என் வாசலில் கொண்டுவந்து விட்டார். கோபப்படவில்லை. ஒரு வருடம் முழுசாகத் தொடாமல் இருந்தால் தானே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். அதுவரை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவன் தன் மூன்று வயது மகளைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

நான் அவனை எப்படி வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனித் தட்டு, தனி டம்ளர். டூட்டி முடிந்து வந்தால் வாசலில் நிற்க வைத்து வாயை ஊதிக் காட்டச் சொல்வேன். வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பெண்களுக்கு என் வீட்டுக் கூடத்தில் பயான், அதாவது மார்க்கப் பேச்சு நடத்துகிறேன். அதில் போதையைப் பற்றி நான்கு தடவை பேசியிருக்கிறேன். அவன் அடுத்த அறையில் இருக்கிறான் என்று தெரிந்தே குரலை உயர்த்திப் பேசினேன். குடிக்கிறவனைவிடக் காய்ச்சுகிறவனுக்குப் பாவம் அதிகம் என்றுகூடச் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அவன் நிறுத்தினான். பதினான்கு மாதம், தினமும் அந்தக் கடைகளைத் தாண்டி பைக்கை நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தான்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாக மாமா சொல்லியனுப்பினார். அவர் மகள் மர்யம், அதாவது அஃப்ரித்தின் மனைவி, வற்புறுத்தித்தான் இந்த நாள் குறிக்கப்பட்டது என்று கேள்விப்பட்டோம். அவளே ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். காலையிலேயே அஃப்ரித் அதை இரண்டு தடவை இஸ்திரி போட்டான்.

ஒரு வாரம் விடாமல் பெய்த மழை விட்டு அன்று வெயில் சுளீரென்று அடித்தது. பிளாஸ்டிக் போட்டு மூடிய அறை எப்படிச் சூடேறியிருக்கும் என்று அறிவியல் ஆசிரியைக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் அடுப்படியில் சமோசா பொரித்துக்கொண்டிருந்தேன். மேலே பட்டென்று ஒரு சத்தம். கூடத்தில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்த தம்பியை, என்னவென்று பார் என்று அனுப்பினேன். நானே போயிருக்கலாம். அடுப்பை அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வெல்லக் கசடு டியூபை அடைத்து ஒரு பாட்டில் வெடித்திருந்தது. அவன் கதவைத் திறந்து உள்ளே போனபோது பக்கத்துப் பாட்டிலும் வெடித்து அவன் மேலேயே பீய்ச்சி அடித்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. வந்தவர்கள் பார்த்தால் லாத்தாவுக்கு அசிங்கமாக இருக்குமே என்று அவன் கிடைத்த துணியால் தரையை அவசரமாகத் துடைத்துவிட்டு இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் பழுப்பாக நனைந்து ஒட்டிக்கிடந்தது. என்னைத் தாண்டும்போது அந்த வாடை என் முகத்தில் அடித்தது. அந்த நொடியில்தான் அம்புக்குறியின் வலப்பக்கம் நான் விட்டுவிட்ட பொருள் எனக்கு ஞாபகம் வந்தது. சட்டையை மாற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா உள்ளே வந்துவிட்டார். கூடப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் அஜ்மீர் நானாவும் வந்திருந்தார்.

மாமா சலாம் சொல்லி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு போய் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். பிடித்த பிடி அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கையை எடுத்து, ஓர் அடி பின்னால் போய், நனைந்த சட்டையைப் பார்த்தார்.

“என்ன மாப்ள இது?”

“மாமா, நான் குடிக்கல. லாத்தாவக் கேளுங்க. லாத்தா சொல்லும்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் பயமே இல்லை. அதுதான் இப்போதும் என்னைக் குடைகிறது. அவனுக்கு முழு நம்பிக்கை இருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. நான் அடுப்படியில இருந்தேன்.”

இரண்டாவது வாக்கியம் உண்மை. பொய்யோடு ஒரு துண்டு உண்மையைச் சேர்த்துக் கொடுத்தால் எடுபடும் என்பதை என் மாணவிகளிடமிருந்து கற்றிருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு மூச்சு நேரத்துக்குள் எனக்கு எல்லாமே தோன்றியது. மேலே பதினாறு பாட்டிலில் சாராயத்துக்கு ஊறப்போட்டிருக்கிறேன் என்று பள்ளிவாசல்காரர் முன்னால் சொல்ல வேண்டும். பயான் நடத்துகிற டீச்சர் வீட்டில், உம்மா தொழுத அறையில், வெல்லச் சாராயம். ஊருக்குத்தான் உபதேசம் என்று வியாழக்கிழமைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் பேசுவார்கள். பூவத்துச் சொர்ணாம்பாள் வரைக்கும் போகும். இவ்வளவையும் கணக்குப் பார்த்த எனக்குத் தம்பியின் முகம் மட்டும் கணக்கில் வரவில்லை. பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். அவனைப் பனைமரத்தடிக்கு அனுப்பியதே நான்.

மாமா சத்தம் போடவில்லை. சமோசாத் தட்டைப் பார்த்தார், அஜ்மீர் நானாவைப் பார்த்தார். “நாங்க வர்றோம்மா” என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அஃப்ரித் சட்டையைக் கழற்றினான். குழாயடியில் உட்கார்ந்து சட்டையைத் துவைத்தான். பழுப்பு போகவில்லை. திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

நான் மாடிக்குப் போய் மிச்சமிருந்த பதினான்கு பாட்டில்களையும் கழிவறையில் கவிழ்த்தேன். கவிழ்க்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அஃப்ரித் மாடிக் கூடத்தில் படுப்பதை விட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டான். அந்த அறைக் கதவை நன்றாகச் சாத்தி வைக்கச் சொன்னான். செடிகளுக்குப் போட்ட விளக்கு வெளிச்சம் உறுத்துகிறது போல என்று நினைத்து, ஓசியில் இருக்கிறவனுக்கு இவ்வளவு நொட்டையா என்று முணுமுணுத்திருக்கிறேன். பதினான்கு மாதம் விட்டிருந்தவன் படுக்கைக்கு நாலடி தூரத்தில் நான் அதைப் புளிக்க வைத்திருக்கிறேன். அவன் அதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. என் மரியாதையை அவன் அப்படிப் பார்த்துக்கொண்டான்.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று என் கணவர் போனில், அஃப்ரித் மறுபடி ஆரம்பித்துவிட்டானாமே என்று கேட்டார். கடல் தாண்டி அவருக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அஞ்சுகம் வந்தாள். வரிச்சிக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவள். அவளுடைய அப்பா அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் திருட்டுத்தனமாக ஊறல் போட்டவர் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைப்பதுதான் ஊறல், அதைக் காய்ச்சினால் சாராயம். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

“தம்பி மேல பழி வந்துருச்சாமே டீச்சரம்மா. அது குடிச்ச வாடை இல்ல, ஊறல் வாடை. மாடிப்படி தொடைக்கிறப்பல்லாம் எனக்குத் தெரியும். செடிக்கு எதுவோ செய்றீங்கன்னு இருந்துட்டேன். நீங்க ஒரு வார்த்தை போய்ச் சொல்லிருங்க.”

அவளுக்கு நான் கொடுத்த பதில், உன் வேலையை மட்டும் பார் என்பது. அவள் பார்த்தாள். கூடம், அடுப்படி, மாடிப்படி எல்லாவற்றையும் துடைத்தாள். எப்போதும் குடிக்கிற டீயைக் குடிக்காமல் போனாள்.

வியாழக்கிழமை பயான் இருந்தது. ரத்து செய்தால் சந்தேகம் வரும் என்று நடத்தினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நல்லவர்களுக்குத்தான் அல்லாஹ் சோதனையைக் கொடுப்பான் என்றார்கள். ஒரு தம்பியைத் திருத்த நீங்கள் படாத பாடு படுகிறீர்கள் என்று ஒருத்தி கண் கலங்கினாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றேன். அந்த அனுதாபத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய் பயத்தில் வந்தது என்றாவது சொல்லலாம். வியாழக்கிழமை செய்ததற்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்து அஃப்ரித் மகளைப் பார்க்கப் போனான். போன சுருக்கில் திரும்பி வந்தான். பிள்ளை தூங்குகிறது என்று வாசலிலேயே யாரோ சொல்லிவிட்டார்களாம். வாங்கிக்கொண்டு போன பலூன் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனான். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அவனைச் சரியாகப் பார்க்கவே இல்லை. நான் படுத்த பிறகு வந்தான், நான் எழுவதற்கு முன்னால் போனான். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வுக்குத் திருப்புதல். ஒரு மாணவியைக் கூப்பிட்டு நொதித்தல் சமன்பாட்டை எழுதச் சொன்னேன். அவள் சர்க்கரையை எழுதி, அம்பு போட்டு, கார்பன் டை ஆக்சைடை எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னொன்று எங்கே என்று கேட்க வேண்டும். கேட்க என் வாய் எழவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி எத்தனால் மிஸ் என்றாள். வகுப்பு காத்திருந்தது. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து நேராக பீர் மைதீன் மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா கூடத்தில் இருந்தார். மர்யம் உள்ளறைக் கதவோரம் வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈஸ்ட், வெல்லம், டியூப், வெயில், வெடித்த பாட்டில், அவன் சட்டை. சொல்லச் சொல்ல அது எவ்வளவு நம்ப முடியாத கதை என்று எனக்கே தெரிந்தது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். எட்டு நாள் ஊறிய உண்மைக்குப் பொய்யின் வாடை வந்துவிடுகிறது.

மாமா பொறுமையாகக் கேட்டார். தம்பிக்காக லாத்தா பேசுவது தப்பில்லை என்றார். அதற்காகச் செடி, காற்று என்றெல்லாம் சிரமப்பட வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னார். நான் போனை எடுத்து ஆந்தூரியம் இலையை அளந்த போட்டோக்களைக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் ஸ்கேலுக்குப் பின்னால் பாட்டில்கள் வரிசையாக நின்றன, மூடியில் டியூபோடு, உள்ளே பழுப்பு நுரையோடு. கீழே தேதி இருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசிப் போட்டோவில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மர்யம் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். “அன்னைக்கே ஏன் சொல்லல லாத்தா?”

“வெக்கமா இருந்துச்சு.”

“அவருக்கு?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்பத்தாறு வயதில் ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் தலை குனிந்து நின்றேன். அதற்கு நான் தகுதியானவள்தான்.

மாமா உடனே எழுந்து சட்டையை மாட்டினார். அன்று அஃப்ரித்துக்கு ராத்திரி டூட்டி, வீட்டில்தான் இருப்பான் என்று சொன்னேன். மூன்று பேரும் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் மாமா தன்னையே திட்டிக்கொண்டு வந்தார், விசாரிக்காமல் போய்விட்டேனே, பிள்ளையைக்கூடக் காட்டவில்லையே என்று. நான் பின்சீட்டில் உட்கார்ந்து, அல்லாஹ்வே, எப்படியோ சரியாக்கிவிட்டாய் என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதி எனக்கு வந்துவிட்டிருந்தது. அவ்வளவு சீக்கிரம் எனக்கு நிம்மதி வந்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கார் சத்தம் கேட்டு அஃப்ரித் வாசலுக்கு வந்தான். மூன்று நாள் தாடி. கசங்கிய பனியன். மாமா காரிலிருந்து இறங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வேகமாகப் போனார். அவன் உள்ளங்கையை நீட்டித் தடுத்தான்.

“கிட்ட வராதீங்க மாமா.”

மாமா நின்றார். மர்யம் காரின் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவன் அவளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசினான்.

“அன்னைக்கு நான் குடிக்கல. இன்னைக்குக் குடிச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை பிள்ளையப் பாக்க முடியாமத் திரும்பி வந்தேன்ல, அன்னைக்குப் போற வழியில நிறுத்துனேன். அப்பலேருந்து குடிக்கிறேன்.”

நாலடி தள்ளி நின்ற எனக்கும் அந்த வாடை வந்தது. அஞ்சுகம் சொன்னது சரி. இது வேறு வாடை. என் பாட்டில்களில் இருந்தது வெறும் புளிப்பு. இதில் மனிதன் இருந்தான்.

மாமா விரித்த கைகளை மெதுவாக இறக்கினார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். இல்லை. வயதான மனிதர் ஒருவர் கணக்குப் புரியாமல் பார்ப்பது போல இருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கு முன்னால் எனக்கு ஐந்து நாள் இருந்தது. நான் அதை எண்ணினேன். அவரும் எண்ணியிருப்பார்.

பிறகு மாமா தொண்டையைச் செருமினார்.

“மறைக்காமச் சொன்னீங்க. அது போதும். வண்டில ஏறுங்க மாப்ள. நம்ம வீட்டுல இருந்து பாத்துக்குவோம்.”

இப்படியே வர மாட்டேன் என்று அவன் தலையசைத்தான். மர்யம் என் வீட்டுக்குள் போனாள். அவன் துணிகளை அவளே எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். அன்றிலிருந்து கொடியிலேயே கிடந்த வெள்ளைச் சட்டையையும் எடுத்தாள், அதில் பழுப்பு இன்னும் இருந்தது. மேஜையிலிருந்த பலூன் பாக்கெட்டைப் பார்த்துக் கொஞ்சம் நின்று, அதையும் பைக்குள் வைத்தாள். அடுப்படி அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தட்டும் டம்ளரும் யாருடையவை என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். மாமா பையை வாங்கி வண்டியில் வைத்தார். அப்புறம் அவனால் மறுக்க முடியவில்லை.

அவன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நான் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். ஒரு தடவை அல்ல, வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், அஜ்மீர் நானாவிடம் போய்ச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் சொல்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவன் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை, களைத்திருந்தான். வண்டி கிளம்பும்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

“அன்னைக்குச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிசம் சிரிச்சிருப்பாங்க லாத்தா. வேற ஒண்ணும் ஆயிருக்காது.”

கார் தெருமுனை திரும்பிப் போயிற்று. உண்மைதான். பீர் மைதீன் மாமா நன்றாகச் சிரிக்கிற மனிதர்.